அணைக் கல்வெட்டில் பெயர் மட்டும் இருக்கும் ராணுவப் பொறியாளரின் வாழ்க்கையைத் தேடி எடுப்பது எப்படி

தேனி, கம்பம் பக்கத்துக்காரர்களுக்குப் பென்னிகுவிக்கை யாரும் அறிமுகம் செய்ய வேண்டியதில்லை. கடைச் சுவரில் அவர் படம் இருக்கிறது, பிள்ளைகளுக்கு அவர் பெயர் வைக்கிறார்கள், அவர் பிறந்த நாளான ஜனவரி 15 அன்று பாலார்பட்டியில் அவருக்காகவே பொங்கல் வைக்கிறார்கள். ஆனால் இந்த மனிதர் எங்கே படித்தார், எந்தப் படையில் சேர்ந்தார், முல்லைப் பெரியாறுக்கு வருவதற்கு முன்னால் என்ன செய்துகொண்டிருந்தார் என்று இணையத்தில் தேடினால் ஒரே பத்தியைத்தான் பத்து இடத்தில் படிக்க வேண்டியிருக்கிறது. கோதாவரி அணையைக் கட்டிய ஆர்தர் காட்டனுக்கும் இதே கதிதான். கல்லணையை ஆராய்ந்த கேப்டன் கால்டுவெல் நிலைமை இன்னும் மோசம், அவரைத் திருநெல்வேலி பிஷப் ராபர்ட் கால்டுவெல் என்றே நினைத்துக்கொள்கிறவர்கள் இருக்கிறார்கள்.

இத்தனைக்கும் இவர்கள் வாழ்க்கை முழுக்கக் காகிதத்தில் இருக்கிறது. ராணுவத்திலும் மராமத்து இலாகாவிலும் ஒரே சமயத்தில் வேலை பார்த்த ஆளைப் பற்றி இரண்டு அலுவலகங்கள் தனித்தனியாக எழுதி வைத்திருக்கின்றன, அதுவும் தேதி போட்டு. உங்கள் ஊர் அணையிலோ பாலத்திலோ மதகிலோ ஒரு பெயரைப் பார்த்து, யார் இவர் என்று தோன்றினால், வீட்டில் உட்கார்ந்தே பாதி வேலையை முடிக்கலாம், மீதிக்கு எழும்பூர் ஆவணக் காப்பகம் போனால் போதும். எப்படி என்று சொல்கிறேன்.

முதலில் ஒரு பெயர், ஒரு தேதி

தேட ஆரம்பிக்கும் முன் கையில் இருக்க வேண்டியவை இரண்டுதான்: இனிஷியலோடு முழுப் பெயர், அவர் உயிரோடு வேலையில் இருந்தார் என்று உறுதியாகத் தெரிந்த ஒரு வருஷம். கல்வெட்டு இருந்தால் படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள், பெயருக்குப் பின்னால் வரும் எழுத்துகளையும் விடாதீர்கள். 'எம்.ஈ.' என்றால் மதராஸ் எஞ்சினியர்ஸ், கிழக்கிந்தியக் கம்பெனிக் காலத்துப் படை. 'ஆர்.ஈ.' என்றால் ராயல் எஞ்சினியர்ஸ். 1862-இல் மதராஸ் எஞ்சினியர்ஸ் அதிகாரிகள் ராயல் எஞ்சினியர்ஸில் சேர்க்கப்பட்டார்கள், அதனால் ஒரே ஆள் முதலில் எம்.ஈ., பிறகு ஆர்.ஈ. என்று வருவார். இரண்டு பேர் என்று நினைத்துவிடாதீர்கள்.

பெயர் விஷயத்தில் கவனமாக இருங்கள். 'கேப்டன் காட்டன், மதராஸ் எஞ்சினியர்ஸ்' என்று ஒரு பழைய அறிக்கையில் பார்த்தவுடன் ஆர்தர் காட்டன்தான் என்று எழுதிவிடக் கூடாது, அவருடைய தம்பி ஃபிரெடெரிக் கன்யர்ஸ் காட்டனும் அதே படையில், அதே மாகாணத்தில் வேலை பார்த்தவர். அதேபோல, பெயருக்குப் பின்னால் ஆர்.ஈ. இல்லாத பொறியாளரை ராணுவத்துக்காரர் ஆக்கிவிடாதீர்கள். 1871-இல் இங்கிலாந்தில் கூப்பர்ஸ் ஹில் பொறியியல் கல்லூரி தொடங்கிய பிறகு, இந்தியப் பொதுப்பணித் துறைக்கு வந்தவர்களில் ஏராளமானவர்கள் சீருடையே போடாதவர்கள். நம் ஊரில் மீசை வைத்த வெள்ளைக்காரப் பொறியாளர் எல்லோருக்கும் 'கர்னல்' பட்டம் கொடுத்துவிடுகிறோம்.

ஆர்மி லிஸ்ட் என்கிற முதுகெலும்பு

சரி, பெயரும் வருஷமும் கிடைத்துவிட்டது. அடுத்தது ஆர்மி லிஸ்ட். எல்லா அதிகாரிகளின் பெயரையும் படைவாரியாக, சீனியாரிட்டி வரிசையில், எந்தத் தேதியில் எந்தப் பதவி கிடைத்தது என்பதோடு அச்சடித்து வெளியிட்ட பட்டியல் இது. பிரிட்டிஷ் ஆர்மி லிஸ்ட்டுகளை ஸ்காட்லாந்து தேசிய நூலகம் ஸ்கேன் செய்து இணையத்தில் இலவசமாகப் போட்டிருக்கிறது. கம்பெனிக் காலத்துக்கு மதராஸ் ராணுவத்துக்கென்றே தனிப் பட்டியல்களும் பஞ்சாங்கம் போன்ற ஆண்டு வெளியீடுகளும் உண்டு, இன்டர்நெட் ஆர்க்கைவில் பல கிடைக்கும்.

ஐந்து வருஷ இடைவெளியில் ஒவ்வொரு பட்டியலாக எடுத்து, உங்கள் ஆளின் பதவியை ஒரு காகிதத்தில் குறித்துக்கொண்டே வாருங்கள். லெப்டினென்ட், கேப்டன், மேஜர் என்று மேலே போவது தெரியும். இதில் 'பிரெவெட்' என்று ஒன்று வரும், அது கௌரவப் பதவி மாதிரி. படைக்குள் அவர் கேப்டனாக இருந்துகொண்டே ராணுவத்தில் மேஜர் என்று அழைக்கப்படுவார். இரண்டு தேதியையும் குறித்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றையும் மனதில் வையுங்கள். அந்தக் காலத்தில் பிரிட்டிஷ் காலாட்படையிலும் குதிரைப்படையிலும் பதவியைப் பணம் கொடுத்து வாங்கலாம், 1871 வரை அப்படித்தான். ஆனால் எஞ்சினியர், பீரங்கிப் படைகளிலும் கம்பெனி ராணுவத்திலும் அது கிடையாது, முன்னால் இருப்பவர் போனால்தான் பின்னால் இருப்பவர் ஏற முடியும். அதனால் ஒரு எஞ்சினியர் அதிகாரி பதினைந்து வருஷம் லெப்டினென்ட்டாகவே இருந்தார் என்று பார்த்தால் அவர் திறமையில்லாதவர் என்று முடிவு கட்டாதீர்கள்.

பின்னோக்கிப் போங்கள்: கேடட் காகிதங்கள்

எனக்கு இந்தத் தேடலில் மிகவும் பிடித்த இடம் இதுதான். ஒரு மனிதன் பதினைந்து, பதினாறு வயதில் யாராக இருந்தான் என்பதை இதைவிட நெருக்கமாகக் காட்டுகிற ஆவணம் வேறில்லை.

கிழக்கிந்தியக் கம்பெனிக்கு அடிஸ்கோம்ப் என்ற இடத்தில், லண்டனுக்குத் தெற்கே கிராய்டன் பக்கத்தில், 1809 முதல் 1861 வரை சொந்த ராணுவப் பள்ளி இருந்தது. கணிதம், கோட்டை அமைப்பு, நில அளவை, வரைபடம், கூடவே இந்துஸ்தானி எல்லாம் சொல்லிக்கொடுத்தார்கள். இரண்டு வருஷம் முடிந்ததும் பரீட்சை. முதல் வரிசையில் வந்தவர்களுக்கு எஞ்சினியர் படை, அடுத்தவர்களுக்குப் பீரங்கிப் படை, மீதிப் பேருக்குக் காலாட்படை. ஆகவே மதராஸ் எஞ்சினியர்ஸில் ஒருவர் பெயரைப் பார்த்தாலே, அந்த வகுப்பில் முதல் சில இடங்களில் வந்த பையன் என்று தெரிந்துகொள்ளலாம். அங்கிருந்து சாத்தம் என்ற ஊரில் இருந்த ராணுவப் பொறியாளர் பயிற்சி இடத்துக்கு அனுப்புவார்கள், சுரங்கம் தோண்டுவது, பாலம் போடுவது, முற்றுகை வேலை எல்லாம் அங்கே கையால் செய்து பழக வேண்டும். கப்பல் ஏறுவது அதற்கப்புறம்தான்.

அடிஸ்கோம்பில் சேர, கம்பெனி டைரக்டர் ஒருவரின் நியமனம் வேண்டும். அதற்கான மனுதான் கேடட் காகிதம். லண்டன் பிரிட்டிஷ் நூலகத்தில் இந்தியா ஆபீஸ் ஆவணங்களில் 'எல்-மில் 9' என்ற வரிசையில் இவை இருக்கின்றன. அதில் எந்த டைரக்டர் நியமித்தார், அவரிடம் யார் சிபாரிசு செய்தார்கள், பையன் எங்கே படித்தான், அப்பா யார், என்ன தொழில் என்று வரிசையாகக் கேள்வியும் பதிலும் இருக்கும். ஞானஸ்நானச் சான்றின் நகல் இணைத்திருக்கும். இந்த நியமனத்துக்காக நேரடியாகவோ மறைமுகமாகவோ பணம் எதுவும் கைமாறவில்லை என்று ஒரு உறுதிமொழியும் இருக்கும். அவருடைய 'பின்னணி' என்று நாம் கேட்பது அத்தனையும் இந்தச் சில தாள்களில் அடங்கிவிடுகிறது. சிபாரிசு செய்தவர் பெயரை வைத்துக்கொண்டு தேடினால் குடும்பத்தின் செல்வாக்கு எங்கே இருந்தது என்பதும் புரியும்.

ஞானஸ்நானத் தேதி பிறந்த தேதி ஆகாது, இரண்டுக்கும் நடுவே மாதக்கணக்கில் இடைவெளி இருக்கலாம். இந்தியாவில் பிறந்த பிள்ளை என்றால் ஞானஸ்நானம், திருமணம், அடக்கம் மூன்றும் மாகாணவாரிப் பதிவேடுகளில் இருக்கும்: 'என்-1' வங்காளம், 'என்-2' மதராஸ், 'என்-3' பம்பாய். பென்னிகுவிக் 1841-இல் புனேயில் பிறந்தவர், ஆகவே முல்லைப் பெரியாறு கட்டியவரின் பிறப்பை மதராஸில் தேடினால் கிடைக்காது, பம்பாய் வரிசைக்குப் போக வேண்டும். இந்தப் பதிவேடுகளின் படங்கள் ஃபைண்ட்மைபாஸ்ட் என்ற கட்டணத் தளத்தில் இருக்கின்றன. ஃபிபிஸ் என்ற பிரிட்டிஷ் இந்தியக் குடும்பச் சங்கத்தின் தளத்தில் பெயர்க் குறிப்புகளை இலவசமாகத் தேடலாம், முதலில் அங்கே போய்விட்டு அப்புறம் காசு கட்டுங்கள். பிரிட்டிஷ் நூலகத்தின் கணினிகள் 2023 அக்டோபரில் தாக்கப்பட்டு அட்டவணை நீண்ட காலம் முடங்கிக் கிடந்தது, அதனால் எழுதிக் கேட்பதற்கு முன் எந்தச் சேவை இப்போது நடக்கிறது என்று அவர்கள் தளத்தில் பார்த்துக்கொள்ளுங்கள்.

குடும்பத்தைத் தேடுவதால் என்ன பயன் என்று கேட்பவர்களுக்கு ஒரே ஒரு உதாரணம். பென்னிகுவிக்கின் அப்பாவும் ஜான் பென்னிகுவிக்தான், பிரிட்டிஷ் ராணுவத்தில் பிரிகேடியர். 1849 ஜனவரி 13 அன்று, இரண்டாம் சீக்கியப் போரில், சில்லியன்வாலா களத்தில் கொல்லப்பட்டார். அதே களத்தில், அதே நாளில், அப்பாவின் உடலைக் காத்து நின்ற இன்னொரு மகன் அலெக்சாண்டரும் இறந்தான், அவனுக்குப் பதினேழு வயது. நம்முடைய பென்னிகுவிக்குக்கு எட்டு வயது நிறைய இரண்டு நாள் இருந்தது. அந்தப் பையன் வளர்ந்து ராணுவத்திலேயே சேர்ந்து, அதிலும் எஞ்சினியர் படைக்கு 1858-இல் தேர்வாகி மதராஸுக்கு வந்தான் என்று படிக்கும்போது, சுவரில் மாட்டிய படத்துக்குள் இருக்கும் மனிதர் கொஞ்சம் தெரிய ஆரம்பிக்கிறார். இதையெல்லாம் எழுதாமல் 'வெள்ளைக்கார வள்ளல்' என்று மட்டும் எழுதுவது அவருக்கு நாம் செய்யும் குறைதான்.

முன்னோக்கிப் போங்கள்: இரண்டு ஏணி

இங்கேதான் பலர் குழம்புகிறார்கள். ராணுவப் பொறியாளர் ஒருவர் மாகாண மராமத்து வேலைக்கு வந்துவிட்டால் அவருக்கு இரண்டு ஏணி. ஒன்று ராணுவப் பதவி, அது சீனியாரிட்டியில் தானாக ஏறிக்கொண்டே இருக்கும். மற்றது துறைப் பதவி: உதவிப் பொறியாளர், நிர்வாகப் பொறியாளர், கண்காணிப்புப் பொறியாளர், தலைமைப் பொறியாளர். பென்னிகுவிக் 1882-இல் பெரியாறு திட்டத்தைத் திருத்தி எழுதும் பொறுப்பை ஏற்றபோது மேஜர், 1895 அக்டோபரில் கவர்னர் வென்லாக் அணையைத் திறந்து வைத்தபோது கர்னல். நடுவில் அவர் எந்தப் போருக்கும் போய்ப் பதவி வாங்கவில்லை, காட்டிலும் மலையிலும் வேலை பார்த்துக்கொண்டிருக்கும்போதே ராணுவ ஏணி பாட்டுக்கு ஏறியது. உங்கள் காகிதத்தில் இரண்டு பத்தி போடுங்கள், இடது பக்கம் ராணுவம், வலது பக்கம் துறை, நடுவில் தேதி. எந்த வருஷத்துக்கு வலது பக்கம் காலியாக இருக்கிறதோ அந்த வருஷம் அவர் விடுப்பில் இருந்தாரா, போரில் இருந்தாரா, படையோடு பெங்களூரில் இருந்தாரா என்று தேட வேண்டும். மதராஸ் எஞ்சினியர் அதிகாரிகளின் கீழ் இருந்த சிப்பாய்ப் படையான மதராஸ் சாப்பர்களின் தலைமையிடம் 1834 முதல் பெங்களூர்தான்.

இடது பக்கத்தை நிரப்ப 'எல்-மில் 11' வரிசை இருக்கிறது, மதராஸ் ராணுவ அதிகாரிகளின் பணிப் பதிவு. 1862-க்குப் பிறகானவர்களுக்கு லண்டன் கியூவில் உள்ள தேசிய ஆவணக் காப்பகத்தில் போர் அலுவலக வரிசைகள். நியமனம், பதவி உயர்வு, பட்டம், ஓய்வு எல்லாம் லண்டன் கெசட் என்ற பிரிட்டிஷ் அரசிதழில் வரும், அதை இணையத்தில் இலவசமாகத் தேடலாம். கர்னல் வைபர்ட் என்ற மதராஸ் எஞ்சினியர் அதிகாரி 1881-83-இல் இரண்டு தொகுதியாக எழுதிய அந்தப் படையின் வரலாறும் ஸ்கேன் ஆகிக் கிடைக்கிறது, எந்த முற்றுகையில் யார் இருந்தார்கள், யார் காயம்பட்டார்கள் என்பதற்கு அது நல்ல துணை. கேப்டன் கால்டுவெல்லை எடுத்துக்கொள்ளுங்கள். ஜேம்ஸ் லில்லிமன் கால்டுவெல், 1799-இல் ஸ்ரீரங்கப்பட்டண முற்றுகையில் காயம்பட்டவர். 1804-இல் கல்லணையை ஆராய்கிறார், 1808-இல் பெரியாற்றைக் கிழக்கே திருப்ப முடியுமா என்று பார்த்துவிட்டு நடக்காத காரியம் என்று எழுதுகிறார். மூன்றையும் ஒரே காகிதத்தில் வைத்தால்தான், திப்புவின் கோட்டைச் சுவர் ஏறிய ஆளும் காவிரி மணலை அளந்த ஆளும் ஒருவர்தான் என்பது புரியும்.

வலது பக்கத்துக்கு எழும்பூரில் உள்ள தமிழ்நாடு ஆவணக் காப்பகம். அடையாள அட்டையோடு விண்ணப்பம் எழுதிக் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும், எதைப் பற்றித் தேடுகிறீர்கள் என்று தெளிவாக எழுதினால் வேலை சுலபம். உள்ளே போனதும் கட்டுகளைக் கேட்காதீர்கள், முதலில் பொதுப்பணித் துறை நடவடிக்கைகளின் வருஷவாரி அட்டவணையைக் கேளுங்கள். அதில் அதிகாரி பெயரையும் அணைப் பெயரையும் பார்த்து அரசாணை எண், தேதி குறித்துக்கொண்டு அந்தக் கட்டை மட்டும் கேட்டால் ஒரு நாளில் நிறைய முடியும். ஒவ்வொரு கட்டிலும் கீழிருந்து வந்த கடிதம், மேலே இருந்தவர் போட்ட குறிப்பு, கடைசியில் அரசாணை என்று இருக்கும். ஆளின் குணத்தைத் தெரிந்துகொள்ள வேண்டுமானால் அரசாணையை விடுங்கள், அவர் கைப்பட மதிப்பீட்டோடு அனுப்பிய கடிதத்தைப் படியுங்கள், அதில்தான் கோபமும் பிடிவாதமும் தெரியும். செயின்ட் ஜார்ஜ் கோட்டை கெசட்டில் இடமாற்றமும் விடுப்பும் வரும். அரசு அச்சிட்ட 'பணி வரலாறு' தொகுதிகள் கிடைத்தால் அதிர்ஷ்டம்தான், எந்த ஊரில் எந்தத் தேதி முதல் எந்தத் தேதி வரை என்று கட்டம் போட்டே கொடுத்திருப்பார்கள். கன்னிமாரா நூலகத்திலும் கேட்டுப் பாருங்கள்.

விடுப்பை அலட்சியமாக விடாதீர்கள். 1836-இல் முக்கொம்பில் மேலணை வேலையைத் தொடங்கிய காட்டன், அடுத்த சில வருஷங்களில் உடல்நலம் கெட்டு ஆஸ்திரேலியப் பக்கம் போகிறார், 1841-இல் டாஸ்மேனியாவில் திருமணம் செய்துகொள்கிறார். மதராஸ் திருமணப் பதிவேட்டில் எத்தனை தேடினாலும் அது இருக்காது. திரும்பி வந்து 1847-இல் தவளேஸ்வரத்தில் கோதாவரி அணையைத் தொடங்குகிறார்.

கடைசிக் காலம்

ஓய்வு பெற்றதும் பெரும்பாலானவர்கள் கப்பலேறிவிடுவார்கள், ஆனால் ஆவணம் நிற்காது. இங்கிலாந்துச் சிவில் எஞ்சினியர்கள் சங்கம் உறுப்பினர்களுக்கு விரிவான இரங்கல் குறிப்பு வெளியிட்டது, படிப்பு முதல் கடைசிப் பதவி வரை ஒரு பக்கத்தில் கிடைக்கும். பென்னிகுவிக் 1896-இல் கூப்பர்ஸ் ஹில் கல்லூரியின் தலைவராகப் போனார், 1911 மார்ச் 9 அன்று கேம்பர்லியில் இறந்தார். 1858 முதல் இங்கிலாந்தில் இறந்தவர்களின் உயில் பதிவுப் பட்டியல் அச்சில் இருக்கிறது. இறந்த தேதி, முகவரி, விட்டுச்சென்ற சொத்தின் மதிப்பு மூன்றும் ஒரே வரியில் வரும்.

கதையையும் காகிதத்தையும் எப்படிப் பிரிப்பது

கதைகளை வெறுக்க வேண்டாம், அவை மக்கள் நன்றியின் வடிவம். ஆனால் நீங்கள் எழுதும்போது எது எங்கிருந்து வந்தது என்று காட்டியே ஆக வேண்டும். அதற்கு நல்ல கருவி தேதிதான். 2021-இல் மதுரையில் கலைஞர் நூற்றாண்டு நூலகத்துக்கு இடம் தேர்ந்தெடுத்தபோது, அங்கே இருக்கும் பொதுப்பணித் துறைக் கட்டடம் பென்னிகுவிக் வாழ்ந்த வீடு, இடிக்கக் கூடாது என்று எதிர்ப்பு கிளம்பியது. அரசு கொடுத்த பதில் இரண்டே தேதி: அவர் இறந்தது 1911, கட்டடம் கட்டியது 1912-13. இந்த மாதிரி ஒரு வரிச் சோதனையை உங்கள் காகிதத்தில் உள்ள ஒவ்வொரு செய்திக்கும் செய்யுங்கள்.

சொந்தச் சொத்தை விற்று அணை கட்டினார் என்ற கதைக்கும் அதுவேதான். அணை 1886 அக்டோபர் 29 ஒப்பந்தத்தின்படி மதராஸ் அரசு எடுத்துக் கட்டிய அரசு வேலை. அதற்கான மதிப்பீடும் கணக்கும் துறைக் கட்டுகளில் வரும், திட்டத்தில் கூடவே வேலை பார்த்த மெக்கன்சி என்ற பொறியாளர் 1899-இல் திட்டத்தின் வரலாற்றையே எழுதி வைத்திருக்கிறார். சொத்து விற்றதாக எழுத வேண்டுமென்றால் விற்ற பத்திரம் வேண்டும், இல்லையென்றால் 'இப்படி ஊரில் சொல்கிறார்கள்' என்று எழுதுங்கள், அதில் தவறே இல்லை. காய்ச்சலும் வெள்ளமும் மாறி மாறி அடித்த மலைக்காட்டில், சுண்ணாம்பும் செங்கல் தூளான சுர்க்கியும் கலந்து, மேற்கே ஓடும் ஆற்றை மறித்து, மலையைக் குடைந்து தண்ணீரை வைகைக்குக் கொண்டுவந்தார்கள். இதற்கு மேலே ஒரு கதை ஜோடிக்க வேண்டிய அவசியம் எனக்குத் தெரியவில்லை. அப்புறம், அந்தக் காட்டில் கல் சுமந்தவர்களையும் மறக்காதீர்கள். அதிகாரியின் கடிதங்களைப் படிக்கும்போதே கூலி, காய்ச்சல், சாவு பற்றிய வரிகளைத் தனியாகக் குறித்து வையுங்கள், அவர்களுக்கென்று தனிக் கோப்பு பெரும்பாலும் இருக்காது.

இருபதாம் நூற்றாண்டு அதிகாரி என்றால்

வழி கொஞ்சம் மாறும். டேராடூனில் இந்திய ராணுவ அகாடமி 1932-இல் தொடங்கியது, அதில் படித்து எஞ்சினியர் படைக்கு வந்த இந்தியர்களின் நியமனமும் விருதும் சுதந்திரம் வரை லண்டன் கெசட்டில் உண்டு. பம்பாய் சாப்பர்ஸைச் சேர்ந்த பிரேமிந்திர சிங் பகத், 1941-இல் அபிசீனியப் போர்முனையில் நாள் கணக்காகக் கண்ணிவெடிகளை அகற்றியதற்கு விக்டோரியா கிராஸ் வாங்கினார். என்ன செய்தார் என்ற முழு விவரிப்பும் கெசட்டிலேயே இருக்கிறது, யாரோ சுருக்கி எழுதியதைப் படிக்க வேண்டியதில்லை. 1947-க்குப் பிறகு பாதுகாப்பு அமைச்சகத்தின் நியமனங்களும் பதவி உயர்வுகளும் இந்திய அரசிதழில் வரும்.

உங்கள் தாத்தாவோ பெரியப்பாவோ மதராஸ் சாப்பர்ஸில் இருந்தவர் என்றால், முதலில் வீட்டில் பழைய பெட்டியைத் திறந்து எண்ணைத் தேடுங்கள். 'ஐ.சி.' என்று தொடங்கினால் நிரந்தர கமிஷன் அதிகாரி, 'எஸ்.எஸ்.' என்றால் குறுகிய காலப் பணி, 'ஈ.சி.' என்றால் அவசர கமிஷன், 1962 சீனப் போரை ஒட்டி நிறையப் பேர் அப்படிச் சேர்ந்தார்கள். இந்த எழுத்துகள் இல்லாமல் வெறும் எண் மட்டும் இருந்தால் அவர் சிப்பாயாகச் சேர்ந்தவராக இருக்கலாம், அப்போது எழுத வேண்டியது பெங்களூர் மதராஸ் எஞ்சினியர் குரூப்பின் ரெக்கார்ட்ஸ் அலுவலகத்துக்கு. கடிதத்தில் எண், பெயர், சேர்ந்த வருஷம், உங்களுக்கு என்ன உறவு என்பதை முதல் நான்கு வரியில் எழுதிவிடுங்கள், ஓய்வூதியப் புத்தகத்தின் நகலையும் இணையுங்கள். பதக்கம் இருந்தால் விளிம்பைப் பாருங்கள், பல பதக்கங்களில் எண்ணும் பெயரும் அங்கே பொறித்திருக்கும். துடைத்துப் பளபளப்பாக்குகிறேன் என்று அதைத் தேய்த்து அழித்துவிடாமல் முதலில் ஒரு படம் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள்.